பிரிண்டருக்குக் காகிதம்

புந்தா அரேனாஸில் எண்ணை அழுத்தினால்
நீரிணைக்கு அந்தப் பக்கம், போர்வெனிரில்,
கம்பளிக் கிடங்கில் மணி அடிக்கிறது.
எடுப்பவர் எலிசேயோ பர்ரியா.
"அலோ" என்கிறார்.
இங்கே மரிசெல் பேசுகிறாள்.
அங்கே ஒன்றும் விழவில்லை.
"அலோ? அலோ?"
அவர் குரல் மட்டும்
துடைத்து வைத்த கண்ணாடிபோல் வருகிறது.

பதினோராம் நாள்தான் என்னை அழைத்தார்கள்.
அதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தாயிற்று.
வயரைப் பிடுங்கிச் செருகினார்கள்,
ரிசீவரைத் தட்டினார்கள்,
புது ஃபோனே ஒன்று வாங்கி வைத்தார்கள்.
காற்றுதான் காரணம் என்றார் மேனேஜர்.
இந்த ஊரில் எதற்கும் காற்றுதான் காரணம்,
போன மாதக் கணக்கில் விழுந்த துண்டுக்குக்கூட.

மணி போகும் வழி வேறு,
குரல் போகும் வழி வேறு.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
மணியைச் சுமந்த சர்வர்
இருவரையும் கைகுலுக்க வைத்துவிட்டு விலகிக்கொள்ளும்.
அதன்பின் குரல்கள்
இருபது மில்லிசெகண்டுத் துண்டுகளாக
தாமே வழி கேட்டுப் போய்ச் சேர வேண்டும்.
போன வழியே திரும்பி வருவதாகவும்
சத்தியம் ஏதுமில்லை.

ஃபயர்வாலைத் திறந்து பார்த்தேன். போர்ட்டுகள் சரி.
ரவுட்டருக்குள், கேளாமலே உதவிக்கு வந்து
பாக்கெட்டுகளில் கைவைக்கும்
அந்த அதிகப்பிரசங்கி வசதியை அணைத்தேன்.
மாற்றமில்லை.
காபி ஆறியது.
கடைசியில் ஒவ்வொரு பாக்கெட்டாக எண்ண உட்கார்ந்தேன்.
மரிசெலின் குரல் கிளம்புகிறது,
நொடிக்கு ஐம்பது, ஒன்றும் குறையாமல்.
போகுமிடம்: 192.168.10.23.

எலிசேயோவின் ஃபோன் சொன்ன முகவரி அது.
பொய்யில்லை;
அந்தக் கிடங்குக்குள் அதன் பெயர் அதுதான்.
ஆனால் அங்கே புது ரவுட்டர் பொருத்தியவன்
இந்தக் கட்டடத்தின் எண்களையே
அந்தக் கரைக்கும் சூட்டிவிட்டுப் போயிருந்தான்.
இங்கேயும் ஒரு இருபத்து மூன்று உண்டு.
எழுந்து தேடிப் போனேன்.
பேக்கிங் அறை மூலையில்,
பொதிகளுக்கு எடைச்சீட்டு அடிக்கும் பிரிண்டர்.

எத்தனை பொதி, படகு எத்தனை மணிக்கு,
ஈரம் பட்டதா, அலோ, கேட்கிறதா –
பதினொரு நாளும் எல்லாம் இதனிடம்தான்.
இதுவோ காகிதம் தீர்ந்து
ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
சங்கும் பழுதில்லை, செவியும் பழுதில்லை.
தெரு மாறி ஊதியிருக்கிறோம்.

அக்கரையின் பத்தை நாற்பதாக்கினேன்,
இங்கிருந்தே, பயந்து பயந்து;
ஓர் இலக்கம் தவறினால்
நாளைப் படகில் நான்தான் போக வேண்டும்.
"இப்போது கூப்பிடுங்கள்" என்றேன்.

மரிசெல் கூப்பிடவில்லை.
விரல் பொத்தான்மேலேயே இருந்தது.
கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு உறைத்தது.
லைன் செத்ததென்று எண்ணி
ரிசீவரை மேசையில் மல்லாக்கப் போட்டுவிட்டு
அவர் வேலையைப் பார்த்திருக்கிறார்.
இவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை.
பொதி எண்ணும் குரல், முப்பத்தொன்பதில் தவறி
மறுபடி ஒன்றிலிருந்து.
தகரக் கூரை.
நாயைத் திட்டுவது, அடுத்த நிமிடமே
அதனிடம் சமாதானம் பேசுவது.
யாருக்கோ எழுதும் கடிதத்தை
உரக்கப் படித்துப் பார்த்து, கிழிப்பது.
மாலையானால் அந்த இருமல்.

அழுத்தினாள்.
"அலோ."
பதிலை எதிர்பார்க்காத, பழகிப்போன அலோ.
"டாக்டரிடம் போனீர்களா?" என்றாள்.

திரையில் இரு பக்கமும் பாக்கெட்டுகள் ஓடின.
மௌனத்துக்கும் அதே எண்ணிக்கைதான்,
நொடிக்கு ஐம்பது.
நானூறு வரை எண்ணியிருப்பேன்.

"எந்த நாளிலிருந்து?" என்றார் அவர்.

நான் எழுந்து
பிரிண்டருக்குக் காகிதம் போடப் போனேன்.